லாரிப் பட்டையில் அடித்த இரண்டு கத்தி, ஒரு புளியங்கட்டை

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். தோல் உரிக்கும் சின்னக் கத்தி 350 ரூபாய், எலும்பு வெட்டும் பெரிய கத்தி 900, புளியங்கட்டை 700. கத்தி இரண்டும் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கொல்லுப்பட்டறையில் சொல்லிச் செய்தவை. கட்டை, அதே பட்டறைக்காரர் கைகாட்டிய மரவாடியில் அறுத்து வாங்கியது. வீட்டில் வளர்த்த ஆட்டையும் கோழியையும் வீட்டிலேயே அறுத்துச் சாப்பிடுகிற குடும்பம் இந்த மூன்றையும் தயங்காமல் வாங்கலாம். ஓர் ஆட்டில் எவ்வளவு வீணாகிறது என்பதைப் பெரும்பாலும் கத்திதான் முடிவு செய்கிறது. அதை விளக்கமாக எழுதவே இந்த விமர்சனம்.

நாங்கள் பாலக்கோடு தாலுகா. தக்காளி, ராகி, கொஞ்சம் அவரை, அதோடு ஒரு பட்டி ஆடு. எல்லாம் கருப்பு. சேலம் கருப்பு என்று பதிவு பெற்ற இனம். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல், ஈரோடு என்று இந்தச் சுற்றுவட்டாரத்துக்கே உரிய வெள்ளாடு. உயிரோடு 20 கிலோ நிற்கிற கிடாயில் எலும்போடு சேர்த்துக் கறி என்று ஒன்பது, பத்து கிலோதான் தேறும். மீதிப் பாதி தலை, கால், தோல், ரத்தம், குடல், ஈரல், கொழுப்பு. கறிக்கடைக் கணக்கில் அந்தப் பாதி இரண்டாம்பட்சமாக இருக்கலாம். குட்டியிலிருந்து தழை ஒடித்துப் போட்டு, கழிச்சல் வந்தபோது மருந்து ஊற்றி, மழைக்கு உள்ளே கட்டி வளர்த்தவர் கணக்கு வேறு. அறுத்த பிறகு அதில் பாதியைக் குழியில் தள்ளுவதற்கு எனக்கு மனம் வராது. என் அத்தைக்குச் சுத்தமாக வராது.

எங்கள் வீட்டில் தீபாவளிக்கும் முனியப்பன் கோயில் கிடா வெட்டுக்கும் வீட்டுக்காரர் அறுப்பார், மாமனார் உரிப்பார். தலை, கால், குடல், ரத்தம், துண்டு போடுவது, உப்புக்கண்டம் எல்லாம் அத்தையும் நானும். இதற்கு முன்னால் இணையத்தில் வாங்கிய எவர்சில்வர் கத்திகள் இருந்தன. காய் நறுக்க நன்றாகவே இருக்கும். மூட்டில் வைத்து அழுத்தினால் வளையும், எலும்பில் பட்டால் வாய் மழுங்கும்.

பட்டறைக்குப் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடித்துவிட்டது. "எந்த வேலைக்கும்மா? உரிக்கவா, வெட்டவா?" ஒரே கத்தியில் இரண்டும் ஆகாதா அண்ணா என்றேன். "ஆகாதும்மா. உரிக்கிற கத்தி எலும்பைத் தொடக்கூடாது, வெட்டுற கத்தி தோலைத் தொடக்கூடாது" என்றார். உரிப்பது மாமனார், வெட்டுவது நான் என்று சொன்னதும் என் கையை நீட்டச் சொல்லி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குச்சியை ஒடித்து வைத்துக்கொண்டார். பெரிய கத்தியின் பிடி அந்த அளவுக்குத்தான் செதுக்கினார். கறி வெட்டும் கத்தி என்றாலே ஆண் கைக்கு என்று வைத்துக்கொண்டு செய்கிறவர்கள் நடுவில், இது பெரிய விஷயம்.

இரும்பு, லாரிப் பட்டை; லாரிக்கு அடியில் பாரம் தாங்குகிற வில்பட்டை. சேலத்திலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் போகிற தேசிய நெடுஞ்சாலை 44 நம் ஊர்களை ஒட்டியே போகிறது. தொப்பூர் கணவாயில் பாரத்தோடு ஏறி இறங்கும் வண்டிகளில் உடைந்த பட்டைகளுக்குப் பழைய இரும்புக் கடைகளில் பஞ்சமே இல்லை. கட்டடக் கம்பியில் கார்பன் குறைவு; அதை அடித்து எவ்வளவு கூர் ஏற்றினாலும் நிற்காது. பாரம் தாங்கி வளைந்து, மறுபடி நிமிர வேண்டிய பட்டையில் கார்பன் அரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இறுகுவது அதனால்தான்.

துருத்திக்குப் பதில் இப்போது மின்சார ஊதி. மற்றபடி வேலை பழைய வேலைதான். பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியில் அடித்து, அரத்தில் ராவி வடிவுக்குக் கொண்டுவந்த பிறகு தோய்ப்பு. முழுக் கத்தியையும் தண்ணீரில் முக்கவில்லை. வாய்ப்பக்கம் மட்டும் விரல் அகலத்துக்கு இறக்கினார். வாய் இறுகும், முதுகு கொஞ்சம் மெத்தென்று இருக்கும். அடி விழும்போது அதிர்ச்சியை முதுகு வாங்கிக்கொள்ளும். அப்புறம் லேசான அனல் காட்டி, தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் ஓடியதும் எடுத்துவிட்டார். இந்த இரண்டாம் சூட்டைக் காட்டாமல் விட்டால் வாய் ரொம்ப இறுகி, எலும்பில் பட்டதும் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புப் பொருள் கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். நாலாயிரம் ஆண்டுக்கு மேலாக இரும்பைப் பழுக்க வைத்த மண்ணில், அந்த வேலை ஒரு தகரக் கொட்டகையில் இன்னும் நடக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்காக மதிப்பெண் கூட்டிப் போடவில்லை. கத்தி தன் வேலையைச் செய்கிறது.

சின்னக் கத்தியைப் பற்றிச் சொல்கிறேன். அலகு அரைச் சாண் நீளம். முனை கூராக இல்லாமல் மழுங்கலாக மேலே வளைந்திருக்கும், வயிறு வெளியே தள்ளியிருக்கும். முதன்முதலில் பார்ப்பவருக்கு ஏதோ குறை மாதிரி தெரியும். அதன் அருமை ஆட்டைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் தெரியும். பின்னங்கால் மூட்டைச் சுற்றி ஒரு கீறல், உள்தொடை வழியாக ஒரு கோடு, நடுவயிற்றில் ஒரு கோடு. கத்தி வழி திறந்துவிடுவதோடு சரி. அதற்குப் பிறகு தோலுக்கும் கறிக்கும் நடுவில் முஷ்டியை விட்டுத் தள்ள வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் மட்டும் வளைந்த வயிற்றால் மெல்ல நீவினால் போதும், சவ்வு விட்டுக்கொடுக்கும். கூர்முனைக் கத்தியில் இதைச் செய்தால் ஒன்று தோல் ஓட்டையாகும், இல்லையென்றால் கறி தோலோடு போகும். மாமனாருக்கு இன்னொரு ஒழுக்கம் உண்டு. மயிர்ப்பக்கம் பிடித்த கை கறிப்பக்கம் வராது, கறிப்பக்கக் கை மயிரைத் தொடாது. இந்தக் கத்தியின் பிடி குட்டையாக, ஒரு கைக்குள் அடங்குவதாக இருப்பதால் அது எளிதாக நடக்கிறது.

தோலில் கத்தி வெட்டு விழாததற்குக் காசு உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் தொழில் நமக்குப் பக்கத்து ஊர் சமாசாரம். மேச்சேரிச் செம்மறித் தோலுக்கு அங்கே தனி மதிப்பு. எங்கள் ஊருக்கு வரும் வியாபாரி ஓட்டை விழுந்த தோலைக் கையில்கூட எடுக்க மாட்டார். உரித்த உடனே கறிப்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கல்லுப்பைத் தேய்த்து நிழலில் வைத்தால் அவர் வரும்வரை கெடாது. வெயிலில் போட்டால் விறைத்துப் பாழாகிவிடும்.

வயிற்றைத் திறக்கும்போதுதான் அந்த மழுங்கல் முனைக்கு முழு மரியாதை. இரண்டு விரலைக் கத்திக்கு அடியில் கொடுத்துக்கொண்டு கீழே இறக்கினால் குடலில் கீறல் விழாது. குடல் கிழிந்தால் உள்ளே இருக்கிற தீனி சிந்தும், அந்த இடத்துக் கறி வாடை அடிக்கும், எத்தனை முறை கழுவினாலும் போகாது. உணவுக்குழாயை முதலிலேயே நூலால் கட்டிவிடுங்கள். ஈரலில் ஒட்டியிருக்கும் பித்தப்பையை இழுக்கக் கூடாது. அதைச் சுற்றி ஈரலில் ஒரு சின்னத் துண்டோடு சேர்த்து அறுத்து எடுக்க வேண்டும். பித்தம் ஒரு சொட்டு பட்டால் ஈரல் முழுக்கக் கசந்துவிடும். மெல்லிய வாய் உள்ள கத்தியால்தான் அந்தத் துண்டைச் சின்னதாக எடுக்க முடிகிறது. பழைய கத்தியில் கால் ஈரலே போகும்.

இதற்குப் பிறகு அத்தையின் ராஜ்ஜியம். ரத்தத்தை அறுக்கும்போதே கல்லுப்பு போட்ட அகலப் பாத்திரத்தில் பிடித்து வைத்திருப்போம். உறைந்ததும் துண்டு போட்டு வேகவைத்து, உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு பொரியல். அன்றைக்குக் காலையிலேயே தீர்ந்துவிடும். சுவரொட்டியை, அதாவது மண்ணீரலை, கம்பியில் குத்தி அனலில் வாட்டி, உப்பும் மிளகும் தடவி, வயதுக்கு வந்த பெண்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் கொடுப்பார்கள். இரும்புச் சத்து நிறைந்த உறுப்பு, சரியான பழக்கம்தான். சிறுகுடலை ஈர்க்குச்சியில் கோத்து உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசைந்து கழுவ வேண்டும். இரைப்பையின் கறுப்புத் தோலை எடுக்கக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அப்படி ஊற்றினால் அது வெந்து இறுக ஒட்டிக்கொள்ளும். கை பொறுக்காத அளவுச் சூடு போதும். முக்கி எடுத்து, சின்னக் கத்தியின் முதுகால் சுரண்டினால் பாளம் பாளமாக உரிந்து வரும். இதற்காகவே முதுகைக் கொஞ்சமும் வளைவில்லாமல் நேராக ராவித் தரச் சொல்லுங்கள். எனக்கு அவரே அப்படிச் செய்து கொடுத்தார். இரைப்பைக்குள் இருந்த தீனி எருக்குழிக்கு. மொச்சைக்கொட்டை போட்ட குடல் குழம்பும் ராகிக்களியும் இருக்கிற நாளில் தொடைக்கறியை யாரும் தேட மாட்டார்கள்.

இனி பெரிய கத்தி. எடை ஏறக்குறைய ஒரு கிலோ. வாய் சின்னக் கத்தியைப்போல மெல்லியதாக இல்லாமல் இரண்டு பக்கமும் லேசாகப் புடைத்துக் கூர் பிடித்திருக்கும். எலும்பு வெட்டும் கத்திக்குக் கூரைவிடப் பாரம் முக்கியம். கையை ஓங்கி விட்டால் பாரமே உள்ளே இறக்க வேண்டும். ஒரே வெட்டில் எலும்பு துண்டானால் வெட்டுவாய் சுத்தமாக இருக்கும். இரண்டாவது, மூன்றாவது வெட்டு போட வேண்டியிருந்தால் சில்லுகள் உண்டாகும். பிள்ளைகள் சாப்பிடும் குழம்பில் எலும்புச் சில்லு இருப்பதைவிட மோசமான சமையல் குறை எனக்குத் தெரியாது. இந்தக் கத்தி வந்த பிறகு எங்கள் வீட்டுக் குழம்பில் சில்லு தட்டுப்படுவதில்லை. இதை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தாலும் 900 ரூபாய்க்கு ஞாயம் ஆகியிருக்கும்.

தலையைப் பிளப்பதுதான் சோதனை. விறகு அனலில் வாட்டி, மயிர் கருக்கிச் சுரண்டி, கொம்பைத் தட்டி எடுத்தபின் மண்டையை நடுக்கோட்டில் ஒரே போடு. மூளை சிதையாமல் இரண்டு பாதியாக வர வேண்டும், வருகிறது. நல்லி எலும்பை நீளமாக விட்டு இரண்டு முனையை மட்டும் தட்டி எடுக்கவும் முடிகிறது. கால்களை வாட்டிக் குளம்பைச் சூட்டோடு தட்டிக் கழற்றி, மூட்டில் வெட்டிச் சூப்புக்கு. கழுத்துக்கறியையும் நெஞ்செலும்பையும் தனியாக எடுத்து வைக்கிறேன். கொள்ளு ரசத்துக்கு அதைவிட நல்ல எலும்பு இல்லை.

கத்தி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடியில் இருக்கிற கட்டை மோசமானால் பயனில்லை. புளியமரம் நம் சாலையோரங்களில் நிற்பதால் அதன் அருமை மறந்துவிடுகிறோம். இழைகள் பின்னிக்கொண்டு வளர்ந்த, இறுகிய மரம். வெட்டு விழுந்தால் நார் பிரிந்து கறியில் ஒட்டாது. அடிமரத்தைக் குறுக்கே அறுத்த வட்டமாக, ஒரு சாண் உயரத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். பலகையாக அறுத்தது வேண்டாம், இழைவாக்கில் பிளந்துபோகும். வேலை முடிந்ததும் கல்லுப்பும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய்த்து, பெரிய கத்தியின் முதுகால் ஈரத்தை வழித்து, நிழலில் நிமிர்த்தி வைக்கிறேன். வெயில் பட்டால் விரிசல் விடும். எங்கள் கட்டையில் ஓரத்தில் ஒரு விரிசல் வந்திருக்கிறது; மரம் முழுதாக உலராமலே விற்றிருக்கிறார்கள். மரவாடி மேல் எனக்கு இருக்கிற ஒரே வருத்தம் இது. கோழிக்கு வேறு கட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக்கண்டத்துக்கு மறுபடி சின்னக் கத்தி. பின்தொடைக் கறியை இழை ஓடும் திசையிலேயே விரல் தடிமனுக்கு நீளநீளமாக அறுக்க வேண்டும். ஒரே தடிமனாக இருந்தால்தான் ஒரே சீராகக் காயும். ஒரு பக்கம் தடித்துவிட்டால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நின்று நாறிவிடும். உப்பு, மஞ்சள், பூண்டு, காய்ந்த மிளகாய் அரைத்துத் தடவி, ஊசியில் கோத்து, நல்ல வெயிலில் நாலைந்து நாள். ராத்திரி உள்ளே எடுத்துவிட வேண்டும். கொழுப்பைக் கண்டத்தில் விடாதீர்கள், காறிப்போகும். தனியாக உருக்கி வைத்தால் வதக்கலுக்கு ஆகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே போக முடியாத நாளில் நாலு துண்டு கண்டத்தைத் தட்டிப் பொரித்துச் சோற்றில் போட்டால், காய் வாங்கச் சந்தைக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை.

கத்தியோடு வேட்டையைப் பற்றியும் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். மாமனார் சின்ன வயதில் வலை கட்டி முயல் பிடிக்கப் பெரியவர்களோடு போனவர். கிடைத்ததில் நாய்க்குப் பங்கு, வலைக்குப் பங்கு, வராத வீட்டுக்கும் ஒரு துண்டு என்று பிரித்ததை இன்னும் சொல்வார். அந்தப் பங்கு முறையை எங்கள் வீட்டுக் கிடாயில் காப்பாற்றி வைத்திருக்கிறோம்; வேட்டையை விட்டுவிட்டோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுமுயலைப் பிடிப்பதும் குற்றம்தான், மானும் பன்றியும் சொல்லவே வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்துக் காடும் சேர்ந்த காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது. பன்றிக்குப் போடுகிற சுருக்குக் கம்பியில் சிறுத்தையும் சிக்கும், மேயப்போன நம் ஆடும் சிக்கும். பட்டறைக்காரர் ஈட்டி முனையோ பொறியோ செய்து தருவதில்லை, கேட்டவர்களைத் திருப்பி அனுப்புவதை நானே பார்த்தேன். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். காடு மேட்டிலிருந்து எடுக்க வேண்டியவை வேறு இருக்கின்றன. வேலியில் படர்ந்த பிரண்டையும் முடக்கத்தானும், மழைக்குப் பிறகு வரும் பண்ணைக்கீரையும், வயல் நண்டும் சின்னக் கத்திக்கு நல்ல வேலை கொடுக்கும். ஒகேனக்கல்லில் வாங்கி வருகிற கெண்டைக்குச் செதில் சீவவும் அந்த நேர் முதுகுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். துரு பிடிக்கும். கழுவி ஈரத்தோடு வைத்தால் மறுநாள் காலையில் மஞ்சள் படிந்திருக்கும். துடைத்து, அடுப்பு அனலில் காட்டி, ஆமணக்கெண்ணெய் தடவ வேண்டும். கருவேலம்பிடி மழைக்காலத்தில் ஊறிப் பின்னர் சுருங்கியதில் பெரிய கத்தியின் பூண் தளர்ந்துவிட்டது. பட்டறைக்காரர் காசு வாங்காமல் இறுக்கிக் கொடுத்தார். வெட்டும்போது பிடி கழன்றால் விபரீதம், எனவே அறுப்புக்கு முதல் நாள் ஆட்டிப் பாருங்கள். அத்தைக்குப் பெரிய கத்தியின் பாரம் ஆகவில்லை. மணிக்கட்டு வலி உள்ளவர்கள் முக்கால் கிலோவுக்குச் சொல்வது நல்லது. அதில் கோழியும் விலாவும் நன்றாக வெட்டும், தொடை எலும்பு கொஞ்சம் சிரமம். கூர் ஏற்றத் தெருவில் வரும் மின்சாரச் சாணையில் கொடுக்காதீர்கள். தீப்பொறி பறக்க அழுத்தித் தேய்க்கும்போது வாயில் நீலம் பாயும். பாய்ந்த இடம் மெத்துப்போய்விடும், மறுபடி தோய்த்தால்தான் சரியாகும். தண்ணீர் விட்டு அம்மிக்கல்லின் ஓரத்தில் தீட்டினாலே சின்னக் கத்தி நகத்தில் வைத்தால் நழுவாமல் நிற்கிறது.

தபாலில் அனுப்ப மாட்டார், தொலைபேசியில் அளவு சொல்ல முடியாது, நேரில்தான் போக வேண்டும். பாதி முன்பணம். சொன்ன நாளில் கிடைக்காது, ஒரு வாரம் தள்ளியே எண்ணிக்கொள்ளுங்கள். ராகி அறுப்பு நெருங்கும்போது அரிவாள் வேலையே அவருக்குச் சரியாக இருக்கும், அப்போது போனால் காத்திருக்க வேண்டியதுதான். புரட்டாசியில் பாதி ஊர் கறி எடுக்காது. அந்த மாதத்தில் சொல்லி வைத்தால் தீபாவளிக்குக் கைக்கு வந்துவிடும், பழைய கத்தி இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், 50 ரூபாய்க்கு வாய் அடித்துத் தருகிறார்.